வீட்டுச் செலவைக் குறைக்கும் குறிப்புகளுக்கு அளவும் எச்சரிக்கையும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலைவாசி உயர்வு குறித்த செய்திகளையும், வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மாற்றுப் பொருள்கள் பற்றித் தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் அவ்வப்போது வெளியாகும் குறிப்புகளையும் நெடுங்காலமாக வாசித்து வருகிறேன். மளிகை, பால், எரிவாயு, மின்சாரம், தண்ணீர் என்று எல்லாச் செலவும் ஏறிக்கொண்டே போகும் இந்நாளில், சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத பழக்கங்களைக் கைக்கொண்டாலே மாதக் கடைசியில் கையில் நாலு காசு தங்கும் என்பதை என் வீட்டு வரவு செலவு நோட்டை வைத்தே உறுதியாகச் சொல்வேன். ஆனால், இத்தகைய குறிப்புகள் பத்திரிகைகள் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் மக்களிடம் வந்து சேரும் விதத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. எதனால் பெரிய மிச்சம், எதனால் சிறிய மிச்சம் என்ற கணக்கு அவற்றில் இருப்பதில்லை. எதை எந்த அளவில் சேர்ப்பது, எதை எதனுடன் சேர்க்கவே கூடாது என்ற எச்சரிக்கையும் இருப்பதில்லை. இவ்விரண்டு குறைகளையும் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்ற பெயரில் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் பொருள்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் வசதி படைத்தவர்களுக்குத்தான் என்று ஒதுங்கிப் போகும் குடும்பங்கள் ஏராளம். நாட்டு மருந்துக் கடையில் நிறுத்துக் காகிதத்தில் மடித்துத் தரும் அதே சீயக்காய், அழகான பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்கப்பட்டுப் பல மடங்கு விலைக்கு வருகிறது. வீட்டில் பத்துப் பைகள் கிடக்கும்போது, படம் அச்சிட்ட புதிய துணிப்பை ஒன்றை நூற்றுக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குவதில் பூமிக்கும் நன்மை இல்லை, நமக்கும் இல்லை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டு, பத்து ரூபாய் நாணயம் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களும் பல ஊர்களில் வைக்கப்பட்டன. அந்த இயக்கத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், பழைய வேட்டியிலும் கிழிந்த தலையணை உறையிலும் தைத்த பைக்கு அந்தப் பத்து ரூபாயும் தேவையில்லை. சிக்கனமும் சூழல் காப்பும் கைகோத்து நடப்பது, ஒன்றை வாங்காமல் இருக்கும் இடத்தில்தான். ஒன்றுக்குப் பதில் விலை கூடிய இன்னொன்றை வாங்கும் இடத்தில் அல்ல.

மிச்சத்தின் அளவை எடுத்துக்கொண்டால், மின்சாரமே முதலில் நிற்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் படிப்படியாக வீதம் ஏறுகிறது. இது எல்லாருக்கும் தெரிந்ததே. பலர் கவனிக்கத் தவறுவது 500 யூனிட் என்ற எல்லையைத்தான். மொத்தப் பயன்பாடு அந்த எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் மிகக் குறைந்த வீதத்தில் கிடைக்கின்றன. எல்லையைச் சில யூனிட்டுகள் தாண்டிவிட்டாலும் அந்தக் குறைந்த வீதம் கைவிட்டுப் போய், அதே நூறு யூனிட்டுக்கும் அடுத்த படியின் வீதமே விதிக்கப்படுகிறது. தாண்டிய யூனிட்டுகளுக்கோ அதையும் விடக் கூடுதலான வீதம். எனவே 490 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கும் 510 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கும் கட்டணத்தில் ஏற்படும் வேறுபாடு, அந்த 20 யூனிட்டின் விலை மட்டும் அன்று. கணக்கெடுக்க வருபவருக்காகக் காத்திராமல் வாரம் ஒரு முறை நாமே மீட்டரைப் பார்த்து எழுதி வைத்தால், எந்த வாரத்தில் கையைச் சுருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அப்படிக் கணக்குப் பார்க்கும் வீட்டில் முதலில் கண்ணில் படுவது மின்விசிறி. மதுரை போன்ற ஊரில் பங்குனி தொடங்கி ஆவணி முடியும் வரை விசிறிக்கு ஓய்வே கிடையாது. சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை இழுக்கிறது, பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய விசிறி அதே காற்றை ஏறத்தாழ 30 வாட்டில் தருகிறது. ஒரு விசிறிக்கு 45 வாட் மிச்சம் என்று வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓடுவதாகக் கணக்கிட்டால், இரண்டு மாதங்களில் 40 யூனிட் குறைகிறது. மூன்று விசிறிகள் உள்ள வீட்டில் அது 120 யூனிட். புது விசிறிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரம் சொச்சம் ரூபாய், 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பி வந்துவிடும். அதற்காக நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விசிறியைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. காயில் எரிந்து மறுபடி கட்டக் கொடுக்கும் நிலை வரும்போது மாற்றினால் போதும்.

குளிர்சாதனம் உள்ளவர்கள் அதை 18இல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்வதில் பயன் இல்லை. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 2020 முதல் விற்பனைக்கு வரும் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுவதற்கும் அதுவே காரணம். விசிறியைக் குறைந்த வேகத்தில் சுழலவிட்டு 26இல் வைத்தாலே உறக்கம் கெடாது. தொலைக்காட்சியை ரிமோட்டில் மட்டும் அணைத்தால் செட் டாப் பாக்ஸ் உள்ளே இயங்கிக்கொண்டே இருக்கும். அது 10 வாட் இழுப்பதாக வைத்தாலும் இரண்டு மாதங்களில் 14 யூனிட். சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க ஒரு நொடி போதும். கோடை தொடங்குமுன் மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்துவிடுவது நம் ஊரில் பழைய வழக்கம். மேல் தளத்தில் குடியிருப்பவர்கள் அதன் அருமையை அறிவார்கள்.

எரிவாயுவில் மிச்சம் பிடிப்பதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வேண்டாம். தண்ணீர் கொதி வந்த பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதன் சூடு ஏறப் போவதில்லை. நீராவிதான் வீணாகப் போகும். பருப்பையும் அரிசியையும் குக்கரில் அடுக்கு வைத்து ஒரே நேரத்தில் வேக வைப்பது, கொண்டைக்கடலை, மொச்சை போன்றவற்றை முதல் நாள் இரவே ஊறப் போடுவது, கொதி வந்ததும் 'சிம்'மில் வைத்து மூடுவது, பாத்திரத்தின் அடியைத் தாண்டி நெருப்பு பக்கவாட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்வது ஆகிய நான்கையும் தவறாமல் செய்யும் வீட்டில், 14.2 கிலோ உருளை கூடுதலாகச் சில நாள்கள் வருவதைக் கண்கூடாகக் காணலாம். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரின் துளைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள். பழைய பல்துலக்கியும் சுடுநீரும் கொண்டு அதைத் தேய்த்துக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து, துலக்குவதற்கும் துவைப்பதற்கும் உரிய பொருள்கள். ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீரில் நுரை மலைபோல் பொங்கி வயல்வெளி வரை பறக்கும் படங்களைத் தங்கள் நாளிதழிலேயே பல முறை பார்த்திருக்கிறோம். எங்கள் மதுரையில், அவனியாபுரத்தை அடுத்த அயன்பாப்பாக்குடி கண்மாய் நீரிலும் அதே காட்சி. அந்த நுரையில் ஆலைக் கழிவுக்கும் பங்கு உண்டு. ஆனால் சுத்திகரிக்கப்படாமல் நீர்நிலைகளுக்குப் போய்ச் சேரும் நம் வீட்டுச் சாக்கடையில் உள்ள சோப்புத்தூளுக்கும் பங்கு உண்டு. இதை மறந்துவிட்டு ஆலைகளை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது.

பூந்திக்கொட்டை இதற்குக் கைகண்ட மாற்று. பட்டுப் புடவைக்கும் தங்க நகைக்கும் நம் பாட்டிமார் பயன்படுத்தியது அதையே. ஆனால் 'பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பாத்திரம் துலக்கலாம்' என்று ஒற்றை வரியில் குறிப்பு எழுதினால் போதாது. விதையை நீக்கிய தோல் 100 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் அதே தண்ணீருடன் கால் மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் கையால் நன்றாகப் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். இளஞ்சூடாக இருக்கும்போதே பிசைந்தால் தோலில் ஒட்டியிருக்கும் வழவழப்பு முழுவதும் இறங்கிவிடும். கஷாயம் தேன் நிறத்துக்கு வந்து, குலுக்கினால் மேலே வெள்ளை நுரை கட்டும். கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இதில் இல்லாததால், வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாள்களில் புளித்து வாடை வரும். குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் செய்துகொள்வது நல்லது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

இதன் நிறைகுறைகளையும் சொல்லிவிட வேண்டும். சோப்பு உப்புத் தண்ணீரில் திரிந்து திப்பிதிப்பியாய்ப் படிவது போல் பூந்திக்கொட்டை திரிவதில்லை. ஆழ்குழாய்த் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது பெரிய நன்மை. அன்றாடம் உடுத்தும் பருத்தித் துணிக்கும், எண்ணெய் அதிகம் படாத பாத்திரத்துக்கும் இது தாராளமாகப் போதும். வடை சுட்ட வாணலிக்கும், சட்டைக் காலரில் ஏறிய அழுக்குக்கும் இது தனியே போதாது. வாணலியில் முதலில் கடலை மாவையோ சலித்த சாம்பலையோ தூவி எண்ணெயை எடுத்துவிட்டு, பிறகு கழுவலாம். காலருக்குச் சிறிது சோப்பைத் தேய்ப்பதில் தவறே இல்லை. கடைச் சோப்பை அறவே ஒழிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஒரே மாதத்தில் சலித்துப்போய் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறார்கள். சோப்புத்தூளின் அளவைப் பாதியாகக் குறைப்பவர்களால் ஆண்டுக்கணக்கில் தொடர முடிகிறது. துலக்குவதற்கு பிளாஸ்டிக் நார் வாங்குவதற்குப் பதிலாக, கொடியிலேயே முற்றிக் காய்ந்த நுரைப்பீர்க்கின் கூட்டையும் தேங்காய் நாரையும் பயன்படுத்தலாம். இற்றுப்போனால் இவை மண்ணோடு மண்ணாகிவிடும்.

உப்புக்கறைக்கு வருவோம். குழாயிலும் வாளியிலும் குளியலறை ஓட்டிலும் வெள்ளையாகப் படியும் கறை சுண்ணாம்புச் சத்து. அதைக் கரைக்கப் புளிப்புப் பொருள் எதுவும் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் இரண்டு தேக்கரண்டியை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து, துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் வைத்திருந்தால் கறை தானே இளகிவிடும். சிறிது ஆசிட்டை ஊற்றிக் கையையும் ஓட்டையும் புண்ணாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பளிங்குத் தரையில் எந்தப் புளிப்பும் படக் கூடாது. பளிங்கும் சுண்ணாம்பினத்தைச் சேர்ந்தது என்பதால் அதன் மெருகு போய்விடும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியும் கல்லுப்பும் இருக்க, கடையில் விற்கும் பொடி எதற்கு? தேய்த்த கையோடு நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டால் விளக்கு மறுபடி பச்சை பூக்காது.

இந்த இடத்தில் ஒரு தவறான குறிப்பைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வினிகரையும் ஆப்பசோடாவையும் ஒன்றாகக் கலந்து புட்டியில் வைத்துக்கொண்டு எதையும் துடைக்கலாம் என்று அடிக்கடி பகிரப்படுகிறது. ஒன்று அமிலம், மற்றொன்று காரம். இரண்டும் சேர்ந்தால் பொங்கி அடங்கி, ஒன்றின் வலிமையை மற்றொன்று போக்கிவிடும். புட்டியில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் சிறிது உப்பும். ஆப்பசோடாவைத் தூவித் தேய்க்க வேண்டிய இடம் வேறு, வினிகரால் துடைக்க வேண்டிய இடம் வேறு. இதிலாவது நட்டம் காசோடு போயிற்று. கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, அது போதாதென்று அதன் மேலேயே ஆசிட்டையோ வினிகரையோ எலுமிச்சை உப்புக் கரைசலையோ ஊற்றுபவர்கள் தங்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். அந்தக் கலவையிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். சன்னல் சாத்திய சிறிய கழிப்பறையில் அது மூச்சையே அடைத்துவிடும். வீட்டு முறைக் குறிப்பு ஒவ்வொன்றின் அடியிலும் இந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டால், தங்கள் நாளிதழ் பெரும் நன்மை செய்ததாகும்.

பழத்தோலில் செய்யும் நொதிக்கரைசலுக்கும் இதே கவனம் தேவை. வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல்கள் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்ற அளவில் கலந்து மூன்று மாதம் புளிக்கவிட வேண்டும். முதல் சில வாரங்களில் வாயு நிறைய உண்டாகும் என்பதால் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வைத்தால் வெடித்துவிடக்கூடும். வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் கால் பங்கு இடம் காலியாக விட்டு, நாள்தோறும் மூடியை ஒரு முறை தளர்த்தி மூட வேண்டும். வடிகட்டிய கரைசலை ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடி சேர்த்துத் தரை துடைத்தால் பிசுக்குப் போகும், வாசனையும் இருக்கும். ஆனால் அது கிருமிநாசினி அன்று. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கும்போது, தரையையும் கழிப்பறையையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுத்தம் செய்வதே முறை. இயற்கை முறை என்ற நம்பிக்கையில் நோயைப் பரவவிடுவது எந்த வகையிலும் சிக்கனம் ஆகாது. கொசுவுக்கும் அப்படியே. நொச்சி, வேம்பு என்று புகை போடுவதில் ஓரளவு பலன் இருக்கலாம். டெங்குவைப் பரப்பும் கொசுவோ பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும் என்பதால், வாரம் ஒரு நாள் பூந்தொட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய்த் தொட்டி ஆகியவற்றைக் கவிழ்த்துத் துடைத்துவிடுவதே காசில்லாத முதல் பாதுகாப்பு. சன்னலுக்கு வலை அடிப்பது ஒரு முறைச் செலவு.

தண்ணீர்ச் செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிநீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வரையறை. தெருக்குழாயில் வரும் தண்ணீர் அந்த அளவுக்குள் இருக்கும் பகுதிகளில்கூட ஆர்.ஓ. இயந்திரம் மாட்டிக்கொண்டு, ஒரு குடம் குடிநீருக்கு அதைவிடக் கூடுதலான தண்ணீரைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கிறோம். சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, தெருவுக்கு ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். அது உப்பின் அளவை மட்டுமே காட்டும், கிருமி இருக்கிறதா என்று காட்டாது என்பதால், உப்புக் குறைந்த தண்ணீரையும் கொதிக்கவைத்து ஆறவிட்டே குடிக்க வேண்டும். மண்பானையில் ஊற்றி வைத்தால் கோடையில் குளிர்பெட்டியைப் பத்து முறை திறந்து மூடும் வேலையும் குறையும். உப்பு மிகுந்த பகுதிகளில் ஆர்.ஓ. தவிர்க்க முடியாதது, அங்கே கழிவுநீர்க் குழாயை ஒரு வாளிக்குள் விட்டு, அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் பயன்படுத்தலாம். செடிக்கு ஊற்றினால் நாளடைவில் மண் உவராகிவிடும். 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு பல வீடுகளில் குழாய் மட்டும் நிற்க, தொட்டி தூர்ந்து கிடக்கிறது. ஐப்பசிக்கு முன் ஒரு நாள் கூலி கொடுத்துத் தூர் வாரிவிட்டால், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் செலவோடு ஒப்பிடும்போது அது ஒரு பொருட்டே அன்று.

சமையலறையில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது மாவுக் கணக்கு. ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் ஊறவைத்து அரைத்தால் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் மாவு கிடைக்கும். கடையில் ஒரு கிலோ மாவுப் பொட்டலம் வாங்குகிறோம் என்றால், அதில் சரிபாதிக்குக் குறையாமல் தண்ணீருக்கே விலை கொடுக்கிறோம். கூடவே ஒரு பிளாஸ்டிக் உறையும் வீட்டுக்குள் வருகிறது. கிரைண்டர் அரை மணி, முக்கால் மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட் மின்சாரம்கூட ஆகாது. நியாயவிலைக் கடைப் புழுங்கலரிசியில் இட்லி பூப்போல் வருகிறது என்பதை எங்கள் தெருவில் எல்லாரும் அறிவார்கள். உளுந்தை ஐஸ் போல் குளிர்ந்த நீர் தெளித்து, பந்துபந்தாய்த் திரண்டு வரும் வரை ஆட்டினால் சோடா உப்பே வேண்டாம். சோறு வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, துவைத்த சுங்குடிச் சேலையை அதில் நனைத்து நிழலில் உலர்த்தினால், கடையில் விற்கும் கஞ்சிப் பசை தேவைப்படாது. மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தால் மறுநாள் காலைச் சாப்பாடு தயார்.

காய்கறித் தோல், டீத்தூள், உதிர்ந்த பூ ஆகியவற்றை மாநகராட்சி வண்டியில் கொட்டாமல் துளையிட்ட பழைய வாளியில் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் மேல் காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ தூவி, தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால், இரண்டு மூன்று மாதங்களில் மண் மணக்கும் உரம் கிடைக்கும். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் சருகு போட வேண்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்புகளை வழங்குகிறது. வீட்டுக்கு வேண்டிய காய்கறி முழுவதும் மாடியில் விளைந்துவிடும் என்று எண்ணுவது மிகை. கறிவேப்பிலை, கீரை, பச்சை மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்குக் கடைக்குப் போகாமல் இருக்கலாம், அதுவே போதுமானது.

பெண்களின் மாதச் செலவில் பேசப்படாமலே இருக்கும் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். மாதவிடாய்க் கால அணையாடைகளுக்கு ஒவ்வொரு மாதமும் பணம் போகிறது. அவற்றிலுள்ள பிளாஸ்டிக் மட்கப் பல தலைமுறைகள் ஆகும். அவற்றைக் கையால் பிரிப்பவர்கள் நம் தூய்மைப் பணியாளர்கள். அவற்றுக்கு மாற்றான சிலிக்கோன் மாதவிடாய்க் கிண்ணம் ஒன்றை முறையாகக் கொதிநீரில் சுத்தம் செய்து பயன்படுத்தினால் பல ஆண்டுகள் உழைக்கும். கேரளத்தின் கும்பளங்கி ஊராட்சி 2022இல் அணையாடை இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்படும் அளவுக்கு அங்கே இது பரவலாகக் கொண்டு சேர்க்கப்பட்டது. துணியைப் பயன்படுத்துபவர்கள் அதை மறைவில் ஈரத்தோடு உலர்த்தாமல் வெயிலில் உலர்த்த வேண்டும். அந்த இடத்தை வீட்டில் ஒதுக்கித் தருவதற்கு வெட்கப்படக் கூடாது.

மேலே சொன்ன பழக்கங்கள் எல்லாவற்றிலும் உழைப்பு இருக்கிறது; அந்த உழைப்பு யார் தலையில் விழுகிறது என்பதைச் சொல்லாமல் சிக்கனத்தைப் பற்றி எழுதுவது முறையன்று. பூந்திக்கொட்டை ஊறவைப்பதும் மாவு ஆட்டுவதும் உரவாளியைக் கிளறுவதும் பெண்களின் வேலை என்று விட்டுவிட்டால், வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு பெண்ணின் ஓய்வு நேரத்தைப் பிடுங்கித்தான் அந்தக் காசு மிச்சமாகிறது என்று ஆகிவிடும். மகளிர் பகுதியில் மட்டும் இக்குறிப்புகளை வெளியிடுவதையும் இதனாலேயே மாற்றிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மீட்டரைப் பார்த்து எழுதுவது, பர்னரைச் சுத்தம் செய்வது, மழைநீர்த் தொட்டியைத் தூர் வாருவது, உரவாளியைப் பார்த்துக்கொள்வது ஆகியவற்றை வீட்டிலுள்ள ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டால்தான் இப்பழக்கங்கள் நிலைக்கும்.

இறுதியாகச் சில கோரிக்கைகள். தங்கள் நாளிதழில் வெளியாகும் ஒவ்வொரு வீட்டு முறைக் குறிப்புடனும் அளவு, அடக்கவிலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எதனுடன் சேர்க்கக் கூடாது என்ற நான்கு விவரங்களையும் தவறாமல் சேர்க்க வேண்டும். மதுரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் சமுதாய அறிவியல் கல்லூரி இருக்கிறது. இக்குறிப்புகளை அங்குள்ள ஆய்வகத்தில் சோதித்து வெளியிட ஏற்பாடு செய்தால் வாசகர்களின் நம்பிக்கை பெருகும். மின்வாரியம், கட்டணம் செலுத்தச் சொல்லிக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதைப் போலவே, 500 யூனிட் எல்லை என்ன செய்யும் என்பதையும் ஒவ்வொரு ரசீதிலும் எளிய தமிழில் அச்சிட வேண்டும். பாண்டியன் கூட்டுறவு அங்காடி போன்ற கூட்டுறவு விற்பனை நிலையங்களில், நாமே கொண்டு போகும் பாத்திரத்தில் எண்ணெய், துவைக்கும் திரவம், தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றை அளந்து ஊற்றித் தரும் பிரிவு ஒன்றைத் தொடங்கலாம். பூந்திக்கொட்டைக் கரைசலையும் சீயக்காய்த்தூளையும் தயாரித்துத் தர மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது விற்பனைக்கு ஓர் இடமும், தரத்தைச் சோதித்துத் தரும் ஒரு சான்றும்தான். மாவட்ட நிர்வாகம் முதற்கட்டமாக ஒரே ஓர் அங்காடியில் இதைத் தொடங்கினாலும், வீட்டிலிருந்து புட்டியோடு வந்து வரிசையில் நிற்க எங்கள் பகுதிப் பெண்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருநகர், மதுரை.